இருட்டறையில் எனக்காக அமர்ந்திருந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கல்வியாண்டின் முடிவில் நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். கண்ணுக்குள் விழும் ஒளியை மூளை எவ்வாறு ஒரு காட்சியாக ஆக்கிக்கொள்கிறது என்னும் கேள்விதான் என் பணிக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. வழியனுப்பு விழாவில் என் ஆசிரியர்களுக்கும் உடன் பணியாற்றியவர்களுக்கும் மேடையிலேயே நன்றி சொன்னேன். வயதாலும் உடல்நிலையாலும் தொலைவாலும் அவ்விழாவுக்கு வர இயலாதவர்களும், எங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் வெறும் எழுத்துகளாகவும் எண்களாகவும் மட்டுமே குறிக்கப்பட்டவர்களுமாகிய உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். பார்வையைப் பற்றி நான் அறிந்தவற்றில் பெரும்பகுதியை, பார்வையின் ஒரு பகுதியை இழந்த நீங்களே எனக்குக் கற்றுத் தந்தீர்கள்.

மூளையின் பின்பகுதியில் காட்சியைக் கையாளும் பிடரி மடல் வலப்புறத்தில் பக்கவாதத்தால் சேதமடைந்தால், இரண்டு கண்களும் நலமாக இருக்கும்போதே இடப்புறக் காட்சி முழுவதும் மறைந்துவிடக்கூடும். நாளிதழைப் பிரித்தால் வரியின் தொடக்கம் அகப்படாது. தெருவில் இடப்புறமிருந்து வரும் சைக்கிள் மேலே மோதும் வரை அது வந்ததே தெரியாது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டுக்கொண்டே உங்களில் பலர் முதன்முறை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தீர்கள். நாங்கள் கேட்டதோ வேறு. இருட்டறையில் தாடையைத் தாங்கியில் பதித்து, நடுவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல், எங்கேனும் ஒளி தோன்றினால் பொத்தானை அழுத்த வேண்டும். பார்க்கக் கூடாத பக்கம் கண் தானாகவே திரும்பும். திரும்பினால் அந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். கழுத்து வலிக்கும், கண் எரியும். இதனால் உங்களுக்குப் பார்வை திரும்புமா என்று நீங்கள் கேட்டபோது, திரும்பும் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. பின்னால் வருபவர்களுக்குப் பயன்படலாம் என்று மட்டுமே சொன்னேன். அதைக் கேட்ட பிறகும் நீங்கள் மறுமுறை வந்தீர்கள். தருமபுரிப் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், முன்பு தாமே பேருந்து ஓட்டியவர், "எனக்குத் தெரியாத பக்கத்தைப் பற்றி இங்கே வந்தால்தான் அம்மா, யாராவது கேட்கிறார்கள்" என்று சொன்னார். ஐயா, எந்தப் பாராட்டையும்விட அந்தச் சொல் என்னை அதிகமாக வேலை வாங்கியது.

உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் இந்தத் துறை முழுவதும் பட்டிருக்கும் கடனின் ஒரு பகுதியே. 1904 முதல் 1905 வரை நடந்த ரஷ்ய ஜப்பானியப் போரில், சிறிய விட்டமும் மிகுந்த வேகமும் கொண்ட துப்பாக்கிக் குண்டுகள் வீரர்களின் மண்டையோட்டை ஒரு புறம் துளைத்து மறுபுறம் வெளியேறின. அவ்வாறு காயமுற்றும் உயிர் பிழைத்தவர்களுக்கு எவ்வளவு பார்வை போயிற்று என்று கணக்கிட்டு ஓய்வூதியம் வழங்கப் பரிந்துரைக்கும் பொறுப்பு தட்சுஜி இனோயே என்னும் இளம் கண் மருத்துவரிடம் இருந்தது. குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்து, அது மூளைக்குள் சென்ற பாதையைக் கணித்து, ஒவ்வொருவரும் காட்சியின் எந்தப் பகுதியை இழந்தார் என்பதோடு அதை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். 1909இல் வெளியான அவருடைய நூலிலிருந்து, காட்சியின் நடுப்பகுதி பிடரி மடலின் பின்முனையில் அமைகிறது என்பதும், அந்தச் சிறு நடுப்பகுதிக்கு மூளையின் வெளியடுக்காகிய மூளைப் புறணி மிகப் பெரிய இடத்தை ஒதுக்கியிருக்கிறது என்பதும் தெளிவாயின. ஓய்வூதியத்துக்காகப் பரிசோதனைக்கு வந்து நின்ற அந்த வீரர்கள் தங்கள் காயங்களால் வரைந்து தந்த வரைபடத்தின் மேல்தான் நாங்கள் இன்றும் வேலை செய்கிறோம்.

அவர்களைப் போலவே வேறு இருவரையும் நான் நன்றியோடு நினைக்கிறேன். லண்டனில் 1973இல் மூளை அறுவைக்குப் பின் இடப்புறக் காட்சியை இழந்த டி.பி. என்பவர், தமக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஊகமாகவேனும் காட்டுங்கள் என்று கேட்டபோது ஒளி தோன்றிய இடத்தை வியக்கத்தக்க அளவு சரியாகச் சுட்டிக்காட்டினார். லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் அதை 1974இல் வெளியிட்டார்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லுங்கள் என்று ஒருவரைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவருடைய பொறுமையை எவ்வளவு சோதிக்கும் என்பதை, அதே கேள்வியை உங்களிடம் கேட்டவள் என்னும் முறையில் நான் நன்கு அறிவேன். 1983இல் ஜெர்மனியில் விவரிக்கப்பட்ட எல்.எம். என்னும் பெண்மணிக்கு நிறமும் வடிவமும் தெரிந்தன, அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்து நிற்பதாகத் தோன்றியது. தொலைவில் தெரிந்த கார் அடுத்த கணம் அருகில் நின்றது. அசைவைக் காண்பதற்கென்று மூளையில் தனி ஏற்பாடு உண்டு என்பதை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தியவர் அவர்.

சென்னையில் இயற்பியல் படித்துவிட்டு வந்த எனக்கு, மூளையின் செல்லாகிய நரம்பணுவின் குரலை முதன்முதலில் கேட்கச் செய்தவர் பெங்களூரில் எங்கள் ஆய்வகப் பட்டறையில் இருந்த அண்ணன். டங்ஸ்டன் கம்பியின் முனையை மின்பகுப்பால் அரித்துக் கூராக்கி, காப்புப் பூச்சு பூசி, நுனியை மட்டும் வெளியே விட்டு அவர் செய்து தரும் மின்முனை இல்லையேல் அந்த ஆண்டுகளில் எங்களுக்கு ஆய்வே இல்லை. நரம்பணுவின் துடிப்பை மின்முனை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்போது, வாணலியில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை அறையை நிறைக்கும். டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் பால்டிமோரில் ஸ்டீபன் கஃப்லரின் ஆய்வகத்தில் 1958இல் கேட்டதும் இதே ஓசைதான்: பூனையின் கண்ணுக்குக் காட்டிய கரும்புள்ளிக்குப் பெரிதாக அசையாத நரம்பணு, அந்தப் புள்ளி இருந்த கண்ணாடிச் சில்லைப் படமெறியும் கருவிக்குள் செருகியபோது சில்லின் விளிம்பு வீசிய மெல்லிய நிழல்கோட்டுக்குப் பொரிந்து தள்ளியது. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் அமைந்த கோட்டையே நாடுகிறது என்னும் அறிவு அங்கிருந்து தொடங்கியது. அவ்வழியில் செய்த பணிக்காக இருவரும் 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

அந்தப் பூனைகளுக்கும், பிறகு வந்த குரங்குகளுக்கும், எங்கள் ஆய்வகத்தில் வாழ்ந்த விலங்குகளுக்கும் நன்றி சொல்வது பொருளற்றது என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அவற்றிடம் நாங்கள் இசைவு கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. விடுமுறை நாளிலும் வந்து அவற்றைக் கவனித்துக்கொண்ட பராமரிப்பாளர்களுக்கும் என் வணக்கம். பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடி வைத்துப் பின்னர் திறந்தால், அந்தக் கண் கெடாமல் இருந்தும் மூளைப் புறணியின் நரம்பணுக்களில் ஏறத்தாழ எதுவும் அதற்கு மறுமொழி தருவதில்லை என்று ஹியூபலும் வீசலும் 1963இல் காட்டினார்கள். வளர்ந்த பூனையில் அவ்வாறு நிகழவில்லை. பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தையை வளரட்டும் என்று காத்திருக்க விடாமல், முதல் சில வாரங்களுக்குள்ளேயே அறுவைக்குக் கொண்டுவரச் சொல்வதற்கு அந்தக் குட்டிகள் தந்த சான்று பெருங்காரணம்.

அந்த வாரங்களைத் தவறவிட்ட குழந்தைகள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் எனக்கு ஆசிரியர்களாக வாய்த்தார்கள். பிறவியிலேயே பார்வையற்று, தொட்டுத் தொட்டுக் கனசதுரத்தையும் உருண்டையையும் பிரித்தறிந்த ஒருவர் திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமலே அவற்றை இனங்காண்பாரா என்று வில்லியம் மாலினோ 1688இல் மெய்யியலாளர் ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார். பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்தியாவில் சிகிச்சை அளிக்க நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் வழியே பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேர் அக்கேள்விக்கு விடை தந்தார்கள். ஆய்வு 2011இல் வெளியானது. கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் கண்டபோது அவர்களால் உடனே அடையாளம் காண இயலவில்லை. ஆனால் சில நாள்களுக்குள்ளேயே அத்திறன் கூடிவந்தது. அறுவைக்குப் பிறகு எங்களிடம் வந்த பிள்ளைகளாகிய நீங்களும் முதலில் கோடுகளும் நிறத்திட்டுகளுமாகச் சிதறிய உலகைத்தான் கண்டீர்கள், பொருள் அசையும்போது மட்டும் அதைப் பிரித்தறிந்தீர்கள், பின்னர் அசையாதவற்றையும் கற்றுக்கொண்டீர்கள். எங்களுக்காகப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த உங்கள் கண்களுக்கும், வேலைநாள் கூலியை விட்டு உங்களை அழைத்துவந்த பெற்றோருக்கும் என் நன்றி.

இத்தகைய பிள்ளைகளைக் கண்டறிபவர்கள் ஊர்ப்புற முகாம்களில் டார்ச் விளக்கோடு நிற்பவர்கள். 1976இல் மதுரையில் மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் முகாம்களும் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கண் சிகிச்சையை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தன. பள்ளி ஆசிரியர்களே, கிராமச் சுகாதாரச் செவிலியர்களே, குழந்தையின் கருவிழி நடுவே வெண்மை தெரிகிறதே என்று முதலில் ஐயுறுபவர்கள் நீங்கள். அந்த ஐயத்தை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதிருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவரும் மகளும் இரவிலும் முடியாமல் நீண்ட சோதனைகளை எனக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன்.

காட்சியின் எந்தப் பகுதி தெரிகிறது, எது தெரியவில்லை என்று காட்டும் பார்வைப் புல வரைபடத்தின் படி, சோதனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்பப்படுகிறது. அதைப் பத்திரமாக வைத்திருந்து, கண் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ செல்லும்போது காட்டுங்கள். பழைய அளவோடு புதியதை ஒப்பிட அது உதவும். முகவரி மாறியவர்கள் ஆய்வகத்துக்குத் தெரிவித்தால், அங்கு என் பொறுப்பை ஏற்றிருக்கும் இளம் பேராசிரியர் உங்களுடையதைத் தேடி எடுத்து அனுப்புவார்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
பார்வை நரம்பியல் ஆய்வகத்தின் முன்னாள் பேராசிரியர்