வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு

வணக்கம்.

சாயங்காலம் ஏழு மணியானால் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேர் நோட்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். புக் பேக் கேள்விகளுக்கு நான் தேவையில்லை, எல்லாம் கைடில் இருக்கிறது. மற்ற கேள்விகளுக்குத்தான் நான்.

போன வாரம் ஒரு பெண் திருத்திய விடைத்தாளைக் காட்டினாள். கோவலன் கள்வன் அல்லன் என்பதைக் கண்ணகி எவ்வாறு நிறுவினாள்? ஐந்து மதிப்பெண். சிலம்பு, மாணிக்கப் பரல் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'எங்கள் சிலம்பில் முத்து என்று அரசனே சொல்லிவிட்டான். அவன் மறைத்திருந்தால் கண்ணகி தோற்றிருப்பாள்.' கிடைத்தது இரண்டு. ஓரத்தில் சிவப்பு மையில், 'பாடத்தில் இல்லை'.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் இருக்கிறதே! 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்பவன் பாண்டியன்தான். சற்று முன்பு, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று வாதாடியவனும் அவன்தான். கோவலனிடம் பறித்த சிலம்பைத் தானே வரவழைத்து அவள் முன் வைக்கிறான். மணி தெறித்த பிறகு 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். கைடு விடுகிற இடத்தை அந்தப் பெண் பிடித்திருக்கிறாள்.

வரலாற்றிலும் இதே கதைதான். முதல் உலகப் போரின் உடனடிக் காரணம்: 1914 ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொலை. ஒரு மதிப்பெண், சரி. 'ஒருத்தரைச் சுட்டதுக்கு எதுக்கு சார் உலகமே சண்டை போடணும்?' என்றான் ஒரு பையன். ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி, செர்பியாவுக்கு ரஷ்யா, ரஷ்யாவுக்கு பிரான்ஸ் என்று மாமன் மச்சான் சேர்ந்த கதையைச் சொன்னேன். அப்புறம், அவன் பாட்டி அவனை 'சரியான எம்டன்' என்று திட்டுவாளே, அந்த எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மன் கப்பல் என்றேன். அன்று அவனை அழைத்துப்போக அவன் அம்மா வரவேண்டியதாயிற்று.

கட்டுக்கட்டாகத் திருத்துகிற சிரமம் தெரியாமல் எழுதவில்லை. தாளுக்கு ஒரு கேள்வியாவது 'ஏன்' என்று கேளுங்கள். விடைக்குறிப்பின் அடியில், 'பொருத்தமான பிற விடைகளுக்கும் மதிப்பெண் உண்டு' என்று ஒரு வரி போடுங்கள், திருத்துகிறவருக்கும் தைரியம் வரும்.

'அடுத்த பரீட்சையில எப்படி எழுதட்டும் சார்?' என்று அந்தப் பெண் கேட்டாள்.

கைடில் இருப்பதையே எழுதும்மா என்றேன்.

இப்படிக்கு,
ஒரு திண்ணை வாத்தியார்