விளக்கு பூஜையில் அவ்வாவுக்கு ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறக்கப் போகிறது. எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் திருவிளக்கு பூஜைக்குப் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓசூரில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை நடத்துகிறேன். நோட்டீஸ் அடிக்க விழாக் குழுக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இப்போது சொன்னால் இந்த வருஷமே யாராவது செய்து பார்ப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மூன்றாம் வெள்ளி, எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் 108 விளக்கு பூஜை. எனக்கு இடது பக்கம் எங்கள் தெருவில் எல்லோரும் அவ்வா என்று கூப்பிடும் ஒரு பாட்டி. எழுபது வயசுக்கு மேல் ஆகிறது. வீட்டில் பேசுவது தெலுங்கு, படித்தது தெலுங்கு. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய தமிழ் வரும், அவ்வளவுதான். வலது பக்கம் ஒடிசாவிலிருந்து வந்து இங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்யும் பெண். அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட் இல்லை. சந்தில் குடியிருக்கிற பழக்கத்தில் நான்தான் கூட்டிப் போயிருந்தேன்.

மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார். முதலில் விளக்குக்கு மஞ்சள் குங்குமம் வையுங்கள், அப்புறம் ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு சிட்டிகை குங்குமம் விளக்கின் பாதத்தில் போடுங்கள் என்று. தகரக் கூரைக்கு அடியில் அந்த எதிரொலியில் எனக்கே பாதி புரியவில்லை. அவ்வா பொட்டலத்தைப் பிரித்தார், கண்ணை மூடிக் கும்பிட்டார், குங்குமம் மொத்தத்தையும் ஒரே தடவையில் விளக்கடியில் கொட்டிவிட்டார். போற்றி ஆரம்பித்த பிறகுதான் சுற்றி இருந்தவர்கள் கிள்ளிக் கிள்ளிப் போடுவதைப் பார்த்தார். "ஏமி செப்தாரும்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் என் பொட்டலத்தில் பாதியை அவர் இலையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு போற்றிக்கு அவர் வாய் திறக்கவில்லை. கை மட்டும் என்னைப் பார்த்துப் பார்த்துப் போட்டது. வலது பக்கம் அந்தப் பெண்ணும் அப்படித்தான், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாம்பூலம் கொடுத்தபோது, அது தனக்கும்தான் என்று தெரியாமல் ஒதுங்கி நின்றுவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பிறந்த ஊர் பென்னாகரம். கல்யாணமாகி ஓசூர் வந்த முதல் மார்கழியில், விடியற்காலைக் குளிரில் மாமியார் என்னைப் பஜனைக்கு எழுப்பிக் கூட்டிப் போனார். பாதிப் பாட்டு தெலுங்கு, இரண்டு மூன்று கன்னடம். கையில் ஒரு பழைய புத்தகம் கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் தமிழ்தான், ஆனால் எழுத்துக்கு மேலே குட்டிக் குட்டியாக 2, 3, 4 என்று எண்கள். அச்சுப் பிழை என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா போடும் பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினார். தமிழில் ஒரே க, ஒரே த, ஒரே ப. தெலுங்கில் ஒவ்வொன்றும் நான்கு விதமாக ஒலிக்கும். அந்த நான்கில் எது என்று சொல்லத்தான் எண். "கோ³விந்தா³" என்று போட்டிருந்தால் இரண்டையும் அழுத்தாமல் மென்மையாகச் சொல்ல வேண்டும். வெறும் "பாவம்" என்றால் செய்த பாவமா, மனசில் எழுகிற உணர்வைச் சொல்லும் பாவமா என்று தெரியாது. "பா⁴வம்" என்று 4 போட்டால் நெஞ்சிலிருந்து காற்றோடு வரும், அது பக்தி பாவம். அன்றைக்குக் காலையில் வாய் திறந்து பாடினேன். இன்றைக்கு என் கடையில் பஜனைப் பாட்டு டைப் செய்யும்போது அந்த எண்களை நானே ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.

எனக்கு அந்தப் பெரியவர் செய்ததை அவ்வாவுக்கு யாரும் செய்யவில்லையே என்றுதான் அன்றைக்குப் பட்டது. விழாக் குழுவில் கேட்டேன். "இத்தனை வருஷமா யாரும் கேட்கலையேம்மா" என்றார்கள். உண்மைதான். பாங்கில் புரியாவிட்டால் கேட்போம். கோயிலில் புரியாவிட்டால் நம்மிடம்தான் குறை என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். சங்கல்பத்தில் கோத்திரம் கேட்கும்போது எத்தனை பேர் திருதிருவென்று விழிக்கிறோம், தமிழ் பேசுகிறவர்களே.

சரி என்று, தை வெள்ளி பூஜைக்கு ஒரு தாள் தயார் செய்தேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு, கன்னடம். போற்றிகளை மொழிபெயர்க்கவில்லை. தமிழ்ப் போற்றியே தெலுங்கு எழுத்தில், கன்னட எழுத்தில். இப்போது குங்குமம் போடவும், இப்போது பூப் போடவும் என்கிற குறிப்புகளை மட்டும் அந்தந்த மொழியில் எழுதினேன். ழகரத்துக்குத் தெலுங்கில் இப்போது புழங்குகிற எழுத்து கிடையாது, ளகரம்தான் போட முடிந்தது. அதற்காக அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதலில் குறிப்புகளை அவசரத்துக்கு செல்போனில் மொழிபெயர்த்தேன். "விளக்கைத் தூண்டிவிடவும்" என்பதற்கு, ஒருவரைச் சண்டைக்குத் தூண்டிவிடுகிற மாதிரி ஒரு சொல்லைக் கொடுத்திருந்தது. அச்சடிக்கும் முன் அவ்வாவிடம் காட்டியதால் தப்பித்தோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து மொத்தத்தையும் வரி வரியாகத் திருத்திக் கொடுத்தார். கன்னடத்தை எதிர் வீட்டுத் தேன்கனிக்கோட்டைக்காரர் பார்த்தார். யாரும் மெஷினை நம்பி சாமி காரியத்துக்கு அச்சடிக்காதீர்கள். தெருவில் தெரிந்தவர் கட்டாயம் இருப்பார்.

ஏன் தமிழ், தெலுங்கு இரண்டு எழுத்திலும் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் நிலைமை இதுதான்: அவ்வாவுக்குத் தெலுங்கு எழுத்து மட்டும் தெரியும். 2006இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கட்டாயப் பாடம். அவ்வாவின் பேத்தி வீட்டில் தெலுங்கு பேசுவாள், படிப்பது தமிழ் மட்டும்தான். ஒரே வீட்டில் ஒரே பாட்டுக்கு இரண்டு எழுத்து வேண்டியிருக்கிறது. தெலுங்கில் மட்டும் அடித்தால் பேத்திக்குப் பிரயோஜனமில்லை, தமிழில் மட்டும் அடித்தால் அவ்வாவுக்கு இல்லை.

இன்னும் சிலர், தமிழ்நாட்டுக் கோயிலில் எதற்கு வேறு மொழி என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கோயிலில் தமிழ் கேட்க வேண்டும் என்பது என் ஆசையும்தான். 2021 ஆகஸ்டில் அன்னைத் தமிழில் அர்ச்சனை தொடங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், சாமியிடம் என்ன சொல்லப்படுகிறது என்று என் அம்மாவுக்குப் புரியுமே என்று. அதே நியாயம்தான் அவ்வாவுக்கும். அதோடு, இதில் தமிழ் எங்கே குறைகிறது? தமிழ்ப் போற்றியை இதுவரை சொல்லாத வாய்கள் சொல்கின்றன. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான். ஆந்திராவில் எத்தனை வீடுகளில் ஆண்டாளின் முப்பது பாட்டையும் தெலுங்கு எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையைத் தெலுங்கிலேயே காவியமாகப் பாடினார். இந்தப் பக்கம், தியாகராஜர் காவிரிக் கரையில் திருவையாற்றில் உட்கார்ந்து தெலுங்கில் பாடியதை நம்மவர்கள் தமிழ் எழுத்தில் வைத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நமக்கு இது புதுசு இல்லை.

தை வெள்ளியன்று நூற்றைம்பது தாள் போட்டேன். ஒன்றுக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை. மைக்கில் சொல்கிறவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். பேத்தி எழுந்து நின்று அதைத் தெலுங்கில் சொன்னாள். பூஜை மொத்தமும் கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவ்வா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரி மேல் வைத்து நகர்த்திக்கொண்டே, 108 போற்றியையும் சத்தமாகச் சொன்னார். கடைசிப் போற்றி வரைக்கும் அவர் பொட்டலத்தில் குங்குமம் இருந்தது.

விழாக் குழுக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். நோட்டீஸ் அடிக்கும்போதே தாளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் தெருவில் என்னென்ன பேசுகிறார்கள் என்று பெயர் எழுதும்போதே கேட்டு வையுங்கள். பேரிகை, பாகலூர், தளி பக்கமெல்லாம் தெலுங்கும் கன்னடமும் கட்டாயம் வேண்டும். அறநிலையத் துறையும் தன் கோயில்களில் எல்லையோரத்துக்கு மட்டுமாவது இதைச் செய்யலாம். எந்தக் குழு கேட்டாலும் என் தாளின் பிரதியைக் காசு வாங்காமல் கொடுக்கிறேன்.

அந்த ஒடிசாப் பெண்ணுக்கு மட்டும் தை வெள்ளியன்று என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழையபடி என் கையைப் பார்த்துத்தான் செய்தாள். தாம்பூலத்தை நானே வாங்கி அவள் கையில் கொடுத்தேன். ஒடியா எழுத்துரு கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். போற்றிகளை அவளும் நானும் உட்கார்ந்து ஒலி கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். நாற்பது வரை வந்திருக்கிறது. சரிபார்க்க, தமிழும் ஒடியாவும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஓசூரில் இருந்தால் ஆடி முதல் வெள்ளிக்குள் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொல்லுங்கள். சாயங்கால பூஜைக்கு நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் ஒரு வாசகி,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.