உங்கள் அம்பாசிடருக்கு ஒரு தம்பி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதத்துக்குப் பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பெரியவளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் எல்லோருக்கும் ரொம்பச் சந்தோஷம். நீ அனுப்பிய படத்தில் அப்பா ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாரே, முழங்கால் வலி இன்னும் விடவில்லையா? மருந்தை ஒழுங்காகப் போடச் சொல்.

இங்கே செய்தி ஒன்றே ஒன்றுதான். வண்டி வாங்கிவிட்டேன். 1972-ஆம் வருட எம்ஜிபி ஜிடி, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், வெள்ளை. உன் மச்சினன் லூட்டனில் இதே மாதிரி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய், அதனால் நான் பட்டதையும் பார்த்ததையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவரிடம் காட்டு.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலாந்தில் இந்த டிட்காட்டுக்குக் குடிவந்து 19 வருடம் ஆகிறது. இங்கிருந்து ஆபிங்டன் காரில் இருபது நிமிடம். எம்ஜி கார்கள் 1929 முதல் அந்த ஊரில்தான் உருவாயின. எம்ஜிபி மட்டும் 1962-இல் தொடங்கி 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் போட்டார்கள், பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1980 அக்டோபரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இத்தனை வருடம் அந்த வழியாகப் போய் வந்தும் எனக்கு அது ஒரு ஊர்ப் பெயர்தான். போன வருடம் மே மாதம் பக்கத்துக் கிராமத்துத் திடலில் பழைய கார்களை நிறுத்தியிருந்தார்கள், சும்மா நடந்து போனேன். ஒருவர் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் எனக்கு உன் வீட்டு வாசலும் அப்பாவின் அம்பாசிடரும் ஞாபகம் வந்துவிட்டது. இன்ஜின் தலையை மூடும் அந்த நீண்ட ராக்கர் கவர், மேலே இரண்டே நட்டு, பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர்... நான் அதைப் பார்த்திருக்கிறேன், மாப்ள, நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

கேட்டால் விஷயம் இதுதான். நம் அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்தது, அது நமக்குத் தெரியும். அந்த மாரிஸைக் கட்டியது கௌலியில், ஆபிங்டனிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். அப்பாவின் பெட்ரோல் வண்டியில் இருந்த 1489 சிசி இன்ஜின் பி-சீரிஸ் என்ற குடும்பம். 1955-இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே 1489 சிசிதான். அதையே படிப்படியாகப் பெரிதாக்கி 1798 சிசி ஆக்கி எம்ஜிபியில் வைத்தார்கள். அப்பா வண்டியில் ஒரு கார்புரேட்டர், இதில் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு, 95 குதிரைசக்தி. ஜங்ஷன் ஸ்டாண்டில் சவாரிக்கு நின்ற வண்டிக்கும் ஆபிங்டனில் பிறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே ரத்தம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். முதல் முயற்சியில் ஏமாந்தேன். சிவப்பு நிறம், மடக்குக் கூரை வைத்த ரோட்ஸ்டர், படத்தில் பார்த்தால் கண் கூசும். வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் நேரில் பார்க்காமலேயே 300 பவுண்டு முன்பணம் அனுப்பிவிட்டேன். போய்ப் பானெட்டில் கை வைத்தால் சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, எவ்வளவு புகை விடுகிறது என்பதெல்லாம் அதோடு மறைந்துவிடும். உன் மச்சினனிடம் சொல், போவதற்கு முன் ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளவேண்டும், போனதும் முதலில் பானெட்டைத்தான் தொட்டுப் பார்க்கவேண்டும்.

நான் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, பெயிண்டில் கீறல் விழக்கூடாதே என்று பழைய கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிறதே, இங்கே சில் என்கிறார்கள், அதன் மேல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். முன்பக்கம் நன்றாக ஒட்டியது. பின் சக்கரத்துக்கு நாலு விரல்கடை முன்னால் காந்தம் அப்படியே கையோடு வந்துவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. விரலால் தட்டினேன், தகரச் சத்தம் வரவில்லை, மண்சுவரைத் தட்டியது மாதிரி மொத்தென்று கேட்டது. அவ்வளவும் பட்டி. துருப் பிடித்து ஓட்டையான இடத்தில் பட்டி அப்பித் தேய்த்து மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முன்பணத்தை அவர் திருப்பித் தரவில்லை. அந்த 300 பவுண்டு இன்னும் மனதை அறுக்கிறது, ஆனாலும் விட்டுவிட்டு வந்தேன்.

ஏன் அந்த ஒரு இடத்துக்கு இவ்வளவு கவலை என்றால், எம்ஜிபிக்குத் தனியாக சேஸி கிடையாது. பாடியேதான் சேஸி. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது இந்த இரண்டு சில்லும் நடுவே கியர்பாக்ஸ் போகும் சுரங்கமும்தான். சில்லில் வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என்று மூன்று அடுக்கு, அதற்கும் கீழே காஸில் செக்‌ஷன் என்று ஒன்று, வெட்டிப் பார்த்தால் கோட்டை மதில் மாதிரி ஏறி இறங்கியிருக்கும். கீழே தண்ணீர் வடியும் துவாரங்கள் சேற்றில் அடைத்துக்கொண்டால் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், வெளியே ஒரு பொட்டுக்கூடத் தெரியாது. கதவைத் திறந்து மூடிப் பார், கதவின் இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தாலோ, ஜாக்கி வைத்துத் தூக்கியதும் கதவு மூடாமல் இடித்தாலோ, வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய நல்ல டிங்கரிங் பட்டறையில் ஆயிரக்கணக்கில் கொடுக்கவேண்டும், அதுவும் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் அடித்து நிறுத்திவிட்டுத்தான் சில்லை வெட்டவேண்டும், இல்லாவிட்டால் பாடியே வளைந்துவிடும்.

இன்ஜின் அப்படியில்லை. கிளட்ச், கார்புரேட்டர், பிரேக், வாட்டர் பம்ப் எதுவானாலும் இங்கே உடனே கிடைக்கும், விலையும் நியாயம். முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது என்றால் நம்புவாயா? 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே எம்ஜிபி பாடியை அடித்துத் தருகிறது, இப்போது விட்னியில் இருக்கிறார்கள். ஆனால் அந்த பாடிக்குக் கொடுக்கும் பணத்தில் ஓடும் வண்டியே வாங்கிவிடலாம். அதனால் முதல் தடவை வாங்குகிறவன் இன்ஜின் சத்தத்தில் மயங்காமல் தரையில் படுத்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது பார்த்தது வூஸ்டர்ஷயர் பக்கம் ஒரு கிராமத்தில். ஓய்வுபெற்ற ஆசிரியை, 31 வருடம் அவர் ஒருவரே ஓட்டியிருக்கிறார். ஜிடி என்பது கூரை வைத்த மாடல், 1965-இல் வந்தது, பின்னால் டிக்கி கதவு பின் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும். பினின்ஃபரினாவின் கைவண்ணம், பின்பக்கம் சரியும் அழகை நீ நேரில் பார்க்கவேண்டும். ரோட்ஸ்டருக்கு மவுசு அதிகம், அதனால் ஜிடி விலை குறைவு. எனக்கு அது லாபம்தான். இங்கே பெய்யும் மழைக்குக் கூரை வேண்டும், கூரை இருப்பதால் பாடிக்கும் பலம்.

அந்தம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்டி காகிதங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு வருடச் சோதனைச் சான்றிதழும், ஒவ்வொரு ஆயில் மாற்றிய பில்லும். அதில் 1996-இல் இரண்டு பக்கச் சில்லும் மாற்றியபோது எடுத்த 14 போட்டோக்கள்! பழையதை வெட்டியது, உள்ளே நடுத் தகடு வைத்தது, வெல்டிங், மேலே மெழுகு அடித்தது எல்லாம் வரிசையாக. நான் அந்தப் போட்டோக்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். பெயிண்ட் இரண்டு இடத்தில் மங்கியிருந்தது, சீட் ஓரம் கிழிந்திருந்தது, அதைப்பற்றி எனக்குக் கவலையே இல்லை.

சாவியை முதல் புள்ளிக்குத் திருப்பினேன். பின்பக்கம் வலது ஓரத்திலிருந்து டிக் டிக் டிக் என்று வேகமாக ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் மெதுவாகி நின்றுவிட்டது. மின்சார பெட்ரோல் பம்ப் அது, கார்புரேட்டர் தொட்டிகள் நிரம்பியதும் தானாக நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது அல்லது டேங்க் காலி. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன், இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அரை மணிநேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்தேன், ஓட்டத்தில் 60, நின்றிருக்கும்போது 20. ஓவர்டிரைவும் வேலை செய்தது, இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் மாதிரி அது. அது இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல், மோட்டார்வேயில் போட்டால் இன்ஜின் பெருமூச்சு விட்டு அடங்குகிற மாதிரி இருக்கும். 7,800 பவுண்டு கொடுத்தேன். புறப்படும்போது அவர் கிரீஸ் கன்னை என் கையில் கொடுத்து, முன் சக்கரக் கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒரு தடவை அடிக்க மறக்காதே என்றார், கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை, லண்டன் புகைக் கட்டணமும் இல்லை. வருடச் சோதனையும் கட்டாயமில்லை, ஆனால் நான் கொண்டுபோய்க் காட்டத்தான் போகிறேன், பிரேக் விஷயத்தில் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது. 2021-லிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும், அதனால் 5 சதவீதம் உள்ள விலை கூடிய பெட்ரோலே போடுகிறேன், குழாய்களையும் மாற்றிவிட்டேன். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கவேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்பு விலைக்குக் கணக்குப் போடுவார்கள். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது, பக்கவாட்டில் அச்சடித்த கடைசி இரண்டு எண்தான் வருடம். என் வண்டியில் 09 என்று இருந்தது, நாலையும் மாற்றினேன். மச்சினன் குரோம் பம்பர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவேண்டாம். 1974 கடைசியிலிருந்து அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து வண்டியையும் கொஞ்சம் உயர்த்தினார்கள், அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் துருப் பிடித்த குரோமைவிடத் துரு இல்லாத ரப்பர் எவ்வளவோ மேல்.

இப்போது முக்கியமான விஷயம். போன சனிக்கிழமை காலை டேப்பட் செட் செய்தேன், அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்தேன். என் கையால், முதல் முறையாக. சின்ன வயதில் அப்பா டேப்பட் அடிக்கும்போது நீ முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவாய், நான் டார்ச் பிடிப்பேன், அவர் ‘எட்டு அமுங்கிச்சா? அப்ப ஒண்ணு. ஏழா? ரெண்டு. கூட்டினா ஒம்பது வரணும்டா’ என்பார். அப்போது அது எனக்கு என்ன கணக்கு என்றே புரியவில்லை. இங்கே ராக்கர் கவரைக் கழற்றி வைத்துவிட்டு, பிளக்குகளையும் எடுத்துவிட்டு, நாலாவது கியரில் போட்டு மகனை வண்டியைத் தள்ளச் சொன்னேன். எட்டாவது வால்வு மெதுவாகக் கீழே இறங்கி நின்றது. ஒன்றாவதைத் தொட்டுப் பார்த்தேன், ராக்கர் லேசாக ஆடியது. 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு கனமுள்ள ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினேன், அப்பா சொல்வாரே, வெண்ணெயில் கத்தி இழுக்கிற மாதிரி இழுபடணும் என்று, அதே மாதிரி வரும்வரை ஸ்க்ரூவைத் திருகி நட்டை இறுக்கினேன். எட்டும் முடிய ஒன்றரை மணிநேரம் ஆனது. மகன் இது எப்படித் தெரியும் என்று கேட்டான், அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

இத்துடன் வாட்ஸ்ஆப்பில் ஒரு சத்தம் அனுப்புகிறேன், இரண்டு நிமிடம் ஓடும், பானெட்டைத் திறந்து வைத்துப் பதிவு செய்தது. அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டிக் கேட்க வை. மூன்றாவது சிலிண்டர் பக்கம் சின்னதாக ஒரு டிக் இன்னும் கேட்கிறது, அது டேப்பட்டா, ராக்கர் ஷாஃப்ட் தேய்மானமா என்று கேட்டுச் சொல். சனிக்கிழமைக்குள் சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி மறுபடி கவரைத் திறப்பேன்.

என்றும் உன்
மாப்ள