பணம் கட்டும் முன் வயலில் ஓட்டிப் பாருங்கள்: பெரம்பலூர் உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு வணக்கம்.

பண்ணைக் கருவிகளை வாடகைக்கு விடும் மையத்துக்காக டிராக்டரில் மாட்டும் உரம் தூவும் கருவி வாங்க நினைக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் இதை எழுதுகிறேன். புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளத்துக்கு அடியுரம் இறைக்க ஆள் பிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். அதனால் அவசியம் வாங்குங்கள். ஆனால் தொட்டி எத்தனை லிட்டர், விலை என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு ஆர்டர் போடாதீர்கள். உரம் சமமாக விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

பெரிய தொட்டி நமக்குத் தேவையில்லை. 500 லிட்டர் தொட்டியில் டி.ஏ.பி. நிரப்பினால் உரம் மட்டுமே 450 கிலோவைத் தாண்டும். கருவியின் எடையும் சேர்ந்து பின்னால் தொங்கும்போது, சிறிய டிராக்டர் வரப்பு ஏறுகையில் முன்சக்கரம் தூக்கப் பார்க்கும். 300 லிட்டரிலேயே 45 கிலோ யூரியா ஏறக்குறைய ஐந்து மூட்டை அடங்கிவிடும். ஓரிரண்டு ஏக்கர் துண்டுகளுக்கு அது தாராளம்.

உரத்தைச் சுழன்று வீசும் தட்டு ஒன்றா, இரண்டா என்ற கேள்வி வரும். ஒற்றைத் தட்டு விலை குறைவு. ஆனால் அது ஒரு பக்கமாக அதிகம் வீசும். ஒவ்வொரு உரத்துக்கும் மறுபடி சரிசெய்ய வேண்டும். என் பரிந்துரை, தொட்டியிலிருந்து தட்டுக்கு உரம் இறங்கும் இரண்டு கதவுகளையும் தனித்தனியே மூடித் திறக்க முடிகிற இரட்டைத் தட்டுக் கருவி. வரப்போரம் ஓட்டும்போது ஒரு பக்கத்தை மூடிவிடலாம். இல்லாவிட்டால் நம் பங்குதாரர் காசு கொடுத்து வாங்கிய உரம் பக்கத்து நிலத்தில் போய் விழும், அப்புறம் அந்த வழக்கையும் நீங்கள்தான் தீர்க்க வேண்டும். தட்டும் கதவும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உரம் சாதாரண இரும்பை வெகு சீக்கிரம் தின்றுவிடும்.

இனி சோதனை. விற்பவரை நம் வயலுக்கே வரச் சொல்லுங்கள். உரமும் நாம் போடுகிற உரமாக இருக்கட்டும். டிராக்டர் போகும் பாதைக்குக் குறுக்கே, மீட்டருக்கு ஒன்றாக, உரம் பிடிக்க ஒரே அளவு ட்ரேக்களை வரிசையாக வையுங்கள். சக்கரம் போகிற இடத்தை மட்டும் விட்டுவிடலாம். கருவியைச் சுழற்றும் டிராக்டரின் பின்தண்டு (பி.டி.ஓ.) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடட்டும். விழுந்த உரத்தை ஒரே மாதிரிக் கண்ணாடிக் குப்பிகளில் கொட்டி வரிசையாக நிறுத்தினால் வீச்சின் வடிவம் தெரிந்துவிடும். இடப்பக்கம் நடுவில் விழுந்ததில் பாதி அளவு விழும் இடத்திலிருந்து, வலப்பக்கம் அதேபோல் பாதி விழும் இடம் வரை உள்ள தூரம்தான் உண்மையான அகலம். விளம்பரத்தில் போட்டிருக்கும் அகலத்தை நம்பி சால் விட்டால் இடையில் பட்டை பட்டையாகப் பயிர் வெளுக்கும்.

அளவையும் சரிபாருங்கள். அகலம் 8 மீட்டர், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் ஒரு நிமிடத்தில் 100 மீட்டர், அதாவது ஏறக்குறைய 20 சென்ட் முடியும். ஏக்கருக்கு 50 கிலோ டி.ஏ.பி. போட, அந்த ஒரு நிமிடத்தில் 10 கிலோ விழ வேண்டும். வீசும் தட்டுகளைக் கழற்றி, அடியில் சாக்கைப் பிடித்து, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட்டி எடை போடலாம். யூரியா எடை குறைந்தது, டி.ஏ.பி. போலத் தூரம் பறக்காது. அதனால் இரண்டுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். பொட்டாஷையும் கலந்து ஒரே தொட்டியில் போடவே வேண்டாம், மூன்றும் மூன்று தூரத்தில் போய் விழும்.

கருவியை ஓட்டப்போகும் பையனும் அன்றைக்கு வயலில் நிற்கட்டும். ஒவ்வொரு உரத்துக்கும் கதவு எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பதைப் பெயின்டால் தொட்டியிலேயே எழுதச் சொல்லுங்கள். சோதனையில் தேறினால்தான் பணம் என்ற வரியை, விலைப்புள்ளி கேட்டு அனுப்பும் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மக்காச்சோளம் பயிரிடும் ஒரு பங்குதாரர்