ரெக்கார்டு நோட்டுக்கா மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையில் பல ஊர்க் கல்லூரிகளிலிருந்து மின் பொறியியல் மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். லாப்லாஸ் மாற்றம் என்ற கடினமான கணக்கு முறையைத் தடங்கலின்றிச் சொல்கிறார்கள். மேல்நிலைத் தொட்டித் தானியங்கி சுவிட்சில், பொதுக் கம்பி போக, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கம்பிகள் எதற்கு என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

மேல் கம்பி மட்டும் இருந்தால், தண்ணீர் விரலளவு இறங்கியதும் மோட்டார் ஓடும், கம்பியைத் தொட்டதும் நிற்கும், தண்ணீர் தளும்பினால் மறுபடி ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான கான்டாக்டர் கரியும், காயில் புகையும். (அப்படி வரும் மோட்டார்களும் என் பிழைப்புக்கு உதவுகின்றன என்பது வேறு விஷயம்.) கீழ்க் கம்பியும் இருந்தால், தண்ணீர் அதற்கும் கீழே இறங்கிய பிறகுதான் மோட்டார் ஓடும், மேல் கம்பியைத் தொட்டால்தான் நிற்கும். கம்பிகளுக்கு நடுவிலுள்ள அந்த இடைவெளிதான் பாடத்தில் ஹிஸ்டெரிசிஸ். அதற்குப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தாம் இவர்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்வதைக் கேட்டால், ஆய்வகத்தில் எல்லா இணைப்பும் முன்பே கொடுத்த பலகை. ஒருவன் குமிழைத் திருப்ப, மற்றவர்கள் எழுதுகிறார்கள். மதிப்பெண் ரெக்கார்டு நோட்டுக்கு. அதுவும் சீனியரைப் பார்த்து எழுதியது.

கருவிக்குப் பணமில்லை என்பது சாக்கு. 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், மல்டிமீட்டர், சுவர்க் கடிகாரம் போதும். ரெசிஸ்டர் வழியே பேட்டரியோடு இணைத்த பத்தாவது விநாடியில், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கண்டென்சரில் சுமார் 5.7 வோல்ட், அதாவது 63 சதவீதம் ஏறியிருக்கும். ஐம்பதாவது விநாடியில் அநேகமாக நிரம்பிவிடும். கணக்கு ஒத்துவராமலும் போகலாம். இவ்வகைக் கண்டென்சரில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம். காரணத்தை மாணவனே தேடட்டும், ஆசிரியர் குறுக்கே வர வேண்டாம். அடுத்து, சிறு டிசி மோட்டாரின் வேகத்தை அளந்து, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி திருப்பி ஊட்டும் சுற்றைக் கட்டட்டும். பெருக்கத்தை, அதாவது வேகம் பிசகினால் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்பதை, கூட்டிக்கொண்டே போனால், அளவீடு வந்துசேரும் தாமதத்தால் வேகம் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும், காதாலேயே கேட்கலாம். இந்த ஆட்டத்தைத் தாளில் ஆராய உதவும் போடே வரைபடத்தை அதன்பிறகு நடத்தலாமே!

அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1952-லேயே பொறியியல் கல்லூரி கண்ட ஊர் இது. அந்த உரிமையில் பல்கலைக்கழகங்களைக் கேட்கிறேன்: செய்முறை மதிப்பெண்ணில் பாதியையாவது மாணவன் தானே கட்டிய சுற்றுக்கும், அது கெட்டால் ஏன் கெட்டது என்ற விளக்கத்துக்கும் ஒதுக்குங்கள். பழுதான மோட்டாரும் ஸ்டெபிலைசரும் வேண்டுமென்றால் என் கடையில் கிடக்கின்றன. பழைய இரும்பு விலைக்கே தருகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் கடைக்காரர்,
காரைக்குடி