வைர மின்முனை: மேற்பரப்பையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

ஆய்வக வைரம் பற்றிய தங்கள் கட்டுரை நகைச் சந்தையோடு நிற்காமல் மருத்துவத்தையும் தொட்டது நல்லது. ஆனால் 'வைரம் அரிக்காது, உடல் ஏற்கும். ஆகவே மூளையில் மின்முனையாகப் பதிக்க ஏற்றது' என்று முடித்திருப்பது பாதி உண்மைதான்.

சுத்தமான வைரம் மின்சாரம் கடத்தாது. ஹைட்ரஜனில் சில சதவீதம் மீத்தேன் கலந்து, மைக்ரோவேவ் பிளாஸ்மாவில் 700 முதல் 900 டிகிரி செல்சியஸில் படலம் வளர்க்கும்போதே டைபோரேன் போன்ற போரான் வாயுவையும் செலுத்த வேண்டும். சுமார் 600 கார்பன் அணுக்களுக்கு ஒரு போரான் என்ற அளவு வந்தால்தான் உலோகம்போலக் கடத்தும்.

அதற்கப்புறம்தான் சிக்கலே. உலையிலிருந்து வரும் படலத்தின் மேல் ஹைட்ரஜன் போர்த்தியிருக்கும். அதைக் கொண்டு டோபமைன் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை அளந்தால், மூளைத் திரவத்தில் பல ஆயிரம் மடங்கு அதிகமுள்ள வைட்டமின் சி-யும் ஏறக்குறைய அதே மின்னழுத்தத்தில் (ஆய்வக அமிலக் கரைசலில் 0.8 வோல்ட்) ஆக்சிஜனேற்றமடையும். மின்னோட்ட வரைபடத்தில் இரண்டின் சிகரமும் ஒன்றாகிவிடும். நேர்மின்னழுத்தம் கொடுத்து மேற்பரப்பில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை அமரவைத்தால் வைட்டமின் சி-யின் சிகரம் 1.3 வோல்ட் பக்கம் தள்ளிப்போகும், டோபமைன் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு 'வைரம் சரியில்லை' என்பவர்களே அதிகம்.

லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் படலத்தின் தரம் பார்க்கும் ராமன் சோதனையிலும் ஏமாறலாம். போரான் கூடினால் 1332 செ.மீ⁻¹-இல் வரும் வைரச் சிகரம் இளைத்துக் கீழே நகரும். 500, 1200 அருகே அகலப் பட்டைகள் எழும். அது கெட்ட படலம் அல்ல. 1550 அருகே மேடு தெரிந்தால்தான் வைரமல்லாத கார்பன் கலப்பு. பின்னணி மின்னோட்டம் ஏறும்.

அளப்பதற்குக் கைகொடுக்கும் வைரத்தின் குறைந்த மின்தேக்கம் (மேற்பரப்பில் மின்னூட்டம் தேக்கும் திறன்), நரம்பைத் தூண்டும்போது எதிராகத் திரும்பும்: சமதளப் படலம் போதிய மின்னூட்டம் தராது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் விழித்திரையில் பதிக்கும் கருவிக்கு நைட்ரஜன் கலந்த நுண்மணி வைரத்தை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். வளையும் மின்முனை வேண்டுமென்றாலோ, அந்தச் சூட்டில் எந்த பாலிமரும் தாங்காது. சிலிக்கான்மேல் வளர்த்து, அதன்மேல் பாலிஇமைடு என்ற வளையும் பாலிமரைப் பூசி, பிறகு சிலிக்கானைக் கரைத்தெடுக்க வேண்டும். ஒட்டு சரியில்லையென்றால் படலம் உரிந்துவிடும்.

2023-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஆய்வக வைரத்துக்காக ஐந்தாண்டுகளுக்கு ரூ.242 கோடி ஒதுக்கப்பட்டது. அதைப் பற்றி எழுதும்போது கேரட் கணக்கோடு, போரான் படலத்துக்குத் தனி உலை உண்டா என்றும் கேட்டு எழுதுங்கள். போரான் ஓடிய அறையின் சுவரில் மிச்சம் தங்கி அடுத்தடுத்த வளர்ப்பிலும் கலக்கும்; நகைக்கல்லில் நீலம் ஏறிவிடும். இரண்டையும் ஒரே உலையில் ஓட்டச் சொன்னால் எந்தப் பொறுப்பாளரும் சம்மதிக்கமாட்டார்.

– வாசகர், சென்னை