லெஸ்டரிலிருந்து அப்புச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அப்புச்சிக்கு,

உங்கள் பேத்தி எழுதுவது. நான் இங்கு நலம். அமுச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், "முதலாளிக்காக வாதாடுவதென்றால் வேலை போனவன் வயிற்றில் அடிப்பதுதானே, அதற்கா உன்னைச் சட்டம் படிக்க வைத்தோம்?" என்று கேட்டீர்கள். பனியன் கம்பெனியில் தையல்காரருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து பிறகு சொந்தமாகப் பவர் டேபிள் தையல் கூடம் போட்டவர் நீங்கள். 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை நேரில் கண்டவர். உங்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்வது முறையாகாது என்பதால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த லெஸ்டரும் ஒரு காலத்தில் காலுறைக்கும் பின்னலாடைக்கும் பேர்போன ஊர்தான். எங்களிடம் வருபவர்கள் சிறு தையல் கூடம், சரக்குக் கிடங்கு, முதியோர் இல்லம் நடத்துபவர்கள். வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போவது என் வேலையில் சிறு பங்கு; பெரும் பங்கு, கோபத்தில் இருக்கும் முதலாளியை ஒரு வாரம் பொறுக்க வைப்பது. "சரக்கைத் திருடிவிட்டான், இன்று சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பப் போகிறேன்" என்பார். யார் பார்த்தது, அவரிடம் விளக்கம் கேட்டீர்களா, குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தீர்களா, துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று சொன்னீர்களா என்று நான் கேட்கக் கேட்க அவர் குரல் இறங்கும்.

இங்குள்ள 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவரை நீக்கக் காரணம் இருந்தால் மட்டும் போதாது, நீக்கிய முறையும் நியாயமாக இருக்க வேண்டும். அவர் உண்மையில் திருடினாரா என்பதை நீதிபதி தீர்மானிக்க மாட்டார். முறையாக விசாரித்து, தக்க ஆதாரத்தின் பேரில் முதலாளி அப்படி மனதார நம்பினாரா என்றுதான் பார்ப்பார். ஏகாஸ் என்ற அரசு அமைப்பு வகுத்த நடைமுறையைக் காரணமின்றி மீறினால் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டவும் செய்யலாம்.

பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். ஒரு கிடங்கு முதலாளி விசாரணைக் கூட்டத்தின் குறிப்பு, சாட்சிகளின் வாக்குமூலம், பணிநீக்கக் கடிதம் எல்லாவற்றையும் அழகாகக் கோப்பில் அடுக்கிக் கொண்டு வந்தார். கடிதத்தின் மேல் மூலையில் இருந்த தேதி, கூட்டம் நடந்த நாளுக்கு முந்தைய நாள். அந்தத் தொழிலாளி பேச வாய் திறக்கும் முன்பே முடிவு தட்டச்சாகி விட்டது. "இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றார். எதிர்த்தரப்பு முதலில் பார்ப்பதே அதைத்தான் என்றும், தேதியை மாற்றி எழுதக் கேட்டால் வழக்கை விட்டு விலகிவிடுவேன் என்றும் சொல்லி, சமரசத்துக்குச் சம்மதிக்க வைத்தேன்.

சமரசத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தொழிலாளி சுயேச்சையான சட்ட ஆலோசனை பெற்றுக் கையெழுத்திட்டால்தான் அந்த ஒப்பந்தம் செல்லும்; ஆகவே அவருடைய வக்கீலின் கட்டணத்தைப் பெரும்பாலும் முதலாளியே கொடுக்கிறார். எதிராளியின் வக்கீலுக்கும் நாமே கூலி கொடுப்பதா என்று நீங்கள் சிரிப்பீர்கள். தவிர, வழக்கில் வென்றாலும் வக்கீல் செலவு பொதுவாகத் திரும்ப வராது. அதனால் நியாயம் தம் பக்கம் இருந்தும் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக் கொள்பவர்கள் நிறைய.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 36ஆம் பிரிவு, எதிர்த்தரப்பு சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால்தான் தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் நிற்கலாம் என்று வைத்திருந்தது. இங்கே அந்தத் தடை இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாத ஒருவர் தம் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்து தனியாக உட்கார்ந்திருக்க, எதிரே நான் அமர்ந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறேன். நீதிபதி அவருக்கு நடைமுறையைப் பொறுமையாக விளக்குவார்; ஆனாலும் அது சமமான சண்டை என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த விஷயத்தில் நம் சட்டம் வகுத்ததே மேல் என்று நினைக்கிறேன். ஆனால் தீர்ப்பாயத்தில் நான் காப்பாற்றும் முதலாளிகளைவிட, அங்கே போகவே விடாமல் நான் தடுத்த பணிநீக்கங்கள் அதிகம்.

நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட இரண்டு ஆண்டு பணி வேண்டும் என்ற விதி, புதிய சட்டத்தால் 2027 ஜனவரி முதல் ஆறு மாதமாகக் குறைகிறது. அதற்குள் ஆட்களைக் கழித்துவிடத் துடிப்பவர்களின் அழைப்புகளால் இப்போது வேலை சற்று அதிகம்.

மாமா கட்டிங் மாஸ்டரை நிறுத்தப் போவதாக அம்மா சொன்னார். துணி வீணானதற்கான கணக்கை எடுத்து வைத்து, முதலில் மெமோ கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சம்பளத்தைப் பிடித்து வைக்க வேண்டாம். என்னுடன் படித்த தோழி கோயம்புத்தூரில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறாள். அவள் எண் அம்மாவிடம் இருக்கிறது. மெமோவை அனுப்பும் முன் அவளிடம் ஒரு முறை காட்டிவிடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புப் பேத்தி